ஒன்றும் காணாத அக்கா

ஒரு நாள் காலையில், அக்கா வீட்டு வாசலுக்கு நேர் எதிரே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை ஒரு கார் இடித்துச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. ஓட்டியது அடுத்த தெருக் கல்லூரிப் பெண். அப்போதுதான் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். பயத்தில் நிற்காமலே போய்விட்டாள். அக்கா கேட்டருகே பால் பாக்கெட்டோடு நின்றிருந்தாள். நான் மாடி பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டருக்குச் சொந்தக்காரரான எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"சேச்சி, ஆரா இடிச்சது? கண்டோ?"

"நான் ஒண்ணும் கண்டில்லையே" என்றாள் அக்கா. பால் பாக்கெட்டின் ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வாய் நிறைய நுரை. இல்லாவிட்டால் அங்கேயே சிரித்திருப்பேன். கண்ணாடி போடாமல் பேப்பரில் மரண அறிவிப்பு வரை படிக்கிற கண் அது. மதியம் குடையை விரித்துக்கொண்டு அக்கா எங்கோ கிளம்பிப் போனாள். சாயங்காலம் அந்தப் பெண்ணின் அப்பா, மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்து எதிர்வீட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்னக்கா சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"ஆருகிட்டே? நான் ரேஷன் கடைக்கில்லா போனேன்."

கையில் பையில்லாமல் ரேஷன் கடைக்குப் போய்வந்த ஒரே பெண்மணி திருவனந்தபுரத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

அக்காவைப் பற்றி எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் இந்த 'கண்டில்லை'யில்தான் வந்து நிற்கும். தெருவில் யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள், யார் வீட்டு மருமகன் குடித்துவிட்டு வந்து படியில் விழுந்து கிடந்தான், எல்லாம் அவள் கண்முன்னால்தான் நடக்கும். யாராவது வந்து கதை பிடுங்கப் பார்த்தால் அதே பதில். சீரியல் பார்க்கிறவளிடம் போய், "நேற்று கதையிலே என்னக்கா ஆச்சு?" என்று, என்னோடு மாடியில் இருந்த ஷைனி வேண்டுமென்றே சீண்டுவாள். அதற்கும், "நான் எங்கே கண்டேன்? வெண்டைக்கா நறுக்கிட்டிருந்தேன்" என்பாள்.

அக்கா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். வஞ்சியூரில் நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, சாட்சிக் கூண்டில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சத்திய வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். பணிக்காலம் முழுக்க ஊரையே சத்தியம் செய்யவைத்துவிட்டு, தான் மட்டும் எதற்கும் சாட்சி சொல்வதில்லை என்று முடிவுகட்டியிருந்தாள். ஒரு முறை காரணம் கேட்டேன்.

"சத்தியம் பண்ணிட்டு ஏறுறவன்ல பாதிப் பேரு, பிறத்தியான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லுவான். மிச்சப் பாதி, கண்டதைச் சொல்லிட்டு, வக்கீல் கேக்கிற கேள்வியிலே நாறிப் போவான். ரெண்டும் நமக்கு வேண்டாம், கேட்டியா?"

அக்காவின் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது இங்கே. வீட்டில் பேசும் தமிழில் மலையாளம் பாதிக்குப் பாதி கலந்திருக்கும். கழக்கூட்டத்தில் மெயின் ரோட்டை விட்டு இறங்கும் சரிவில் அவள் வீடு. கீழே அவள் தனியாக இருந்தாள், மாடியை வாடகைக்கு விட்டிருந்தாள். ஐ.டி. பார்க் பக்கத்திலிருப்பதால் மாடிக்கு ஆள் கிடைப்பதில் கஷ்டமில்லை. நானும் ஷைனியும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம். நான் தென்காசிக்காரி, பார்க்கில் ஒரு கம்பெனியில் வேலை. ஷைனி மார்த்தாண்டத்துக்காரி, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். தோழிகள் என்று சொல்லிக்கொண்டு குடிபுகுந்தோம். அது பொய்யில்லை, பாதி உண்மை. மீதிப் பாதி, நாங்கள் புருஷன் பெண்டாட்டி வாழ்கிற மாதிரி ஒரு வாழ்க்கையை வாழ வந்திருந்தோம் என்பது. அதைச் சொல்லி வீடு கேட்க அப்போதும் தைரியமில்லை, இப்போதும் இருக்குமா என்று தெரியவில்லை.

"என்னை ஆன்ட்டின்னு விளிக்காதே. எனக்கு அங்கிளும் இல்லை. அக்கான்னு கூப்பிட்டாப் போதும்" என்றாள். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்களுக்கு அதுவே பெரிய அதிர்ஷ்டமாக இருந்தது.

ஒளித்து வைப்பதில் நாங்கள் இரண்டு பேரும் கெட்டிக்காரிகள். முன்னறையில் ஒரு கட்டில் போட்டு, ஷைனியின் போர்வையை அதன்மேல் மடித்து வைத்திருந்தோம். அந்தக் கட்டிலில் யாரும் படுத்ததில்லை. வாடகைப் பத்திரம் என் பெயரில். அவளுக்கு வரும் தபாலெல்லாம் ஆஸ்பத்திரி ஹாஸ்டல் முகவரிக்கு. பேங்க் கணக்கு தனித்தனி. இருவர் மட்டும் நிற்கிற போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. எடுத்தால் நடுவில் இன்னொருத்தியை இழுத்து நிறுத்திக்கொள்வோம். பீச்சுக்குப் போனால் கடலைக்காரரைக்கூட விடமாட்டோம்.

அக்காவுக்கு இன்னொரு வினோதமும் இருந்தது. தண்ணீர். மோட்டார் சுவிட்ச் கீழே அவள் வீட்டில். எங்கள் தொட்டி எப்போதும் நிறைந்துதான் இருக்கும். இருந்தாலும் சில சமயம் திடீரென்று மாடிப்படிக்குக் கீழே நின்று, தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள்.

"மேலே தண்ணி வருதா?"

"வருதுக்கா!"

"நல்லா வருதா? பைப்பைத் திறந்து பாரு!"

முதலில் எரிச்சலாக இருந்தது. வயசான காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்து, இவளுக்குத் தண்ணி என்று விட்டுவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்துவிட்டாள். அப்போதும் அக்கா தண்ணீர் விசாரித்தாள். வருதுக்கா என்று கத்தியபடியே கீழே எட்டிப் பார்த்தேன். அம்மா அக்காவின் வாசல் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் காப்பியோடு இருந்தாள். உள்ளே ஓடி ஷைனியிடம் சொன்னேன். ஷைனி முன்னறைக் கட்டிலில் பாய்ந்து படுத்து, நைட் டியூட்டி முடிந்து வந்தவள் மாதிரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அம்மா மேலே வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. "வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. காப்பி குடிக்காம மேல விடமாட்டேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா" என்றாள் அம்மா. தெய்வாதீனம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். தெய்வத்துக்கு எங்கள் மேல் அவ்வளவு கரிசனம் இருந்ததாக அதற்கு முன்னால் எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு நல்ல காய்ச்சல். ஷைனி பார்க்கப் போனாள். கஞ்சி எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். அக்காவின் படுக்கையறைக்குள் அன்றுதான் முதன்முதலில் நுழைந்தோம். அகலக் கட்டில். அதன் வெளி ஓரத்தில், விழுந்துவிடுவாளோ என்று பயப்படும்படி, தலைக்கு ஒன்றும் வைக்காமல் படுத்திருந்தாள். சுவரோரமாக இரண்டு தலையணைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. உறைகள் புதிதாகத் துவைத்து இஸ்திரி போட்டவை. மேலே இருந்ததை எடுத்து அவள் தலைக்குக் கீழே வைக்கப் போனேன். அந்தக் காய்ச்சலிலும் அக்கா கையை நீட்டி அதை என்னிடமிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். மேல் உறையில் விழுந்த சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"எனக்குத் தலையணை ஆகாது, மோளே. கழுத்து நோவும்."

மாடிக்கு வந்ததும் ஷைனி, "தலையணை ஆகாதவங்களுக்கு ரெண்டு தலையணை எதுக்குட்டி?" என்றாள். "நான் ஒண்ணும் கண்டில்லையே" என்று அக்கா குரலிலேயே சொன்னேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வருடம் ஷைனியின் அப்பா இறந்துபோனார். எனக்கும் அவரைத் தெரியும். இரண்டு முறை மாடிக்கு வந்திருக்கிறார். வரும்போதெல்லாம் நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்து, மகளிடம் கொடுக்காமல் என் கையில் கொடுப்பார். ஷைனி முந்தின நாளே மார்த்தாண்டத்துக்குப் போய்விட்டாள். நான் அவளோடு வேலை பார்க்கும் நர்ஸுகளின் வேனில் மறுநாள் போனேன். சர்ச்சில் ஆஸ்பத்திரிக்காரர்கள் வரிசையில் நின்றேன். ஷைனி முன்வரிசையில், சித்தப்பா மகன்களுக்கு நடுவே. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். போய்ப் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடிக்க எனக்கு அங்கே என்ன உரிமை? நாலு மணிக்கு வேன் கிளம்பியது, நானும் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து மாடி ஏற முடியவில்லை. நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா வெளியே வந்து பார்த்தாள். எதுவும் கேட்காமல் உள்ளே போய்ச் சூடாகக் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிறகு எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுது முடிக்கும் வரை திரும்பவே இல்லை.

அதன் பிறகுதான் வெளிநாடு பற்றிய பேச்சு வந்தது. ஷைனிக்கு மெல்பர்னில் வேலை கிடைத்தது. அவள் முதலில் போவது, பிறகு துணை என்ற முறையில் நான் விசாவுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு. அந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கும் அதற்கு வழியிருந்தது. கொச்சியில் ஒரு ஏஜென்ட் பெண் போனில் பட்டியல் வாசித்தாள். கூட்டுக் கணக்கு உண்டா, இரண்டு பேர் பெயரிலும் வாடகைப் பத்திரம் உண்டா, சேர்ந்து போன பயணம், போட்டோ, குடும்ப விசேஷம். நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"மேடம், நீங்க உண்மையிலேயே சேர்ந்துதானே இருந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அத்தனை வருடமும் ஒரு தடயமும் இல்லாமல் துடைத்துத் துடைத்து வாழ்ந்த கெட்டிக்காரத்தனம் எங்கள் தலையிலேயே விழுந்தது. ஊரை ஏமாற்றுவதாக நினைத்துச் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எங்களுக்கு எதிராகவே செய்திருந்தோம்.

"அப்போ சத்தியப் பிரமாணம்தான். உங்களை ஜோடியா தெரிஞ்சவங்க, உங்க வீட்டு வாழ்க்கையைக் கண்ணால பாத்தவங்க, நோட்டரி முன்னாடி எழுதிக் கொடுக்கணும். தூரத்துலே இருக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தி போதாது. பக்கத்துலே இருந்தவங்க வேணும்" என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் உலகத்தில் ஒருத்திதான். அவளோ எதையும் கண்டதில்லை.

ஷைனி மெல்பர்ன் போய் மாதங்கள் ஆகியிருந்தன. போனில் பேசும்போது இரண்டு பேருமே அழுவதை நிறுத்திவிட்டிருந்தோம். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒரு மத்தியானம் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஷைனி எனக்கு யார் என்பதை அன்றுதான் வாயைத் திறந்து ஒரு மனுஷியிடம் நேருக்கு நேர் சொன்னேன். அவள் இலையை உருவுவதை நிறுத்தவில்லை.

"நான் ஒண்ணும் கண்டில்லையே, மோளே" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை வருஷமா எங்க காலுக்குக் கீழேதானே இருந்தீங்க? ஒண்ணுமே காணலையா?"

"கண்டில்லேன்னு நான் சொல்ற வரைக்கும் உங்களுக்கு ஒரு கேடும் இல்லை. எழுத்திலே ஏறினா பின்னே அழியாது. நாளைக்கு உங்க அம்மை காதுக்கு எத்தினா? ஷைனி வீட்டு ஆம்பிளைங்க இங்கே வந்து நின்னா? கோர்ட்டிலே கிடந்தவ நான். கடலாசிலே ஏறின எழுத்து என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எழுந்து வாசல் வரை போய், திரும்பி நின்று சொன்னேன். "வரட்டும்க்கா. மார்த்தாண்டத்திலே ஆஸ்பத்திரிக்காரங்க வரிசையிலே நின்ன மாதிரி இன்னொரு தடவை என்னாலே நிக்க முடியாது. நாளைக்கு அவளுக்கே ஒண்ணுன்னாலும் நான் அந்த வரிசையிலேதான் நிக்கணும்."

அக்காவின் கை நின்றது. முறத்தில் கிடந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, எரியாத அடுப்பை அணைக்கப் போனாள்.

மறுநாள் காலை, "மேலே தண்ணி வருதா?" என்று குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் பழைய தோல்பை, குடை.

"இறங்கி வா. வஞ்சியூருக்குப் போகணும்."

கோர்ட்டுக்கு வெளியே வரிசையாக இருந்த டைப் கடைகளில் ஒன்றில் உட்கார்ந்தோம். ஏஜென்ட் அனுப்பிய மாதிரியை நீட்டினேன். 'இவர்களுடைய உறவு உண்மையானது, தொடர்ந்து நீடிப்பது' என்று இங்கிலீஷில் இருந்தது. அக்கா படித்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"இது நான் கண்டதில்லை. உறவை எப்படிக் காணுறது? நான் கண்டதைச் சொல்றேன், நீங்க டைப் பண்ணுங்கோ."

சொல்ல ஆரம்பித்தாள். மலையாளத்தில், நிறுத்தி நிதானமாக, டைப் செய்கிற பெண்ணின் விரலுக்குத் தக்கபடி. வந்த புதிதில் மொட்டைமாடிக் கொடியில் ஆளுக்குப் பாதி என்று பிரித்துத் துணி காயப்போட்டது, பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் ஆனது. டியூட்டி முடிந்து ஷைனி வரும்போது, அவளிடம் சாவி இருந்தும் நானே இறங்கிப்போய்க் கேட்டைத் திறந்தது. ஓணத்துக்கு அவள் எனக்குப் பூ வைத்துவிட்டது. ஒரு முறை நாங்கள் பேசாமல் இருந்த நாட்களைக்கூட அக்கா விட்டுவைக்கவில்லை.

"அந்த நாள்லேயும் இந்தக் குட்டி காலம்பற இறங்கி வந்து, அவள் ஸ்கூட்டரை ரோட்டைப் பாத்துத் திருப்பி நிறுத்தி வெப்பா. சரிவிலே வண்டி திருப்ப அவளுக்குப் பயம். பேச்சு இல்லை, ஆனா வண்டி திரும்பியிருக்கும். அதை எழுதுங்கோ."

எனக்கே மறந்துபோயிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இவங்க வீட்டு ஆளுக யாராவது வந்தா, நான் கீழே பிடிச்சு உக்கார வெச்சுட்டு, தண்ணி வருதான்னு கேப்பேன். இவங்க மேலே எல்லாத்தையும் ஒழுங்காக்கட்டும்னு. அதையும் எழுதுங்கோ."

டைப் செய்த பெண் கையை நிறுத்தி அக்காவைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்த அந்த ஞாயிறும், ஷைனியின் சித்தப்பா வந்த நாளும், ஒவ்வொன்றாக எனக்கு நினைவு வந்தன. தெய்வாதீனம் கீழ் வீட்டில்தான் இருந்திருக்கிறது. அக்காவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டைப் கடையில் அதற்கு இடமில்லை.

"மார்த்தாண்டத்திலே அவள் அப்பாவை அடக்கின அன்னைக்கு, இவள் இங்கே படியிலே உக்காந்து அழுதா. வெறும் கூட்டுக்காரியோட அப்பனுக்கு யாரும் அப்படி அழுது நான் கண்டதில்லை. சொந்த மாமனாருக்கு அழுகிற அழுகை. எழுதுங்கோ."

நோட்டரி, அக்காவின் காலத்தில் ஜூனியராக இருந்த வக்கீல். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். "சேச்சி சாட்சி சொல்லவா வந்திருக்கீங்க? நம்பமுடியலையே" என்றார்.

பிறகு, "சொல்லிக்கொடுக்கணுமா வாசகம்?" என்று அவரே சிரித்தார்.

"எனக்கா?" என்றாள் அக்கா. நிமிர்ந்து நின்றாள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வாசகத்தைத் தன் வாயால் தனக்காகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நின்றுபோனாள். சொல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நோட்டரி சிரிப்பை நிறுத்திவிட்டு, மெதுவாக அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். அக்கா சின்னப்பிள்ளை மாதிரி அதைத் திருப்பிச் சொல்லி முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் வழியில் தம்பானூரில் பஸ் மாறவேண்டும். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஹோட்டலில் டீயும் பழம்பொரியும் சொன்னோம். அக்கா பழம்பொரியைப் பிட்டு, ஆறட்டும் என்று வைத்துவிட்டு, நான் கேட்காமலே பேசினாள்.

"எங்க கோர்ட்டிலே ஒருத்தர் இருந்தார். பெண்சாதி செத்துப்போனவர். அவர் ஒரு ஜாதி, நான் ஒரு ஜாதி. பெண்மக்கள் ரெண்டு பேர். அவங்க கல்யாணம் முடியட்டும், முடியட்டும்னு இருந்தோம். முடிஞ்சப்போ பேரப்பிள்ளைங்க வந்தாச்சு." சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை வருவார். சோறு தின்னுட்டு ஒரு உறக்கம். சாயங்காலம் போயிடுவார். அவ்வளவுதான். அவருக்கு இழுப்பு உண்டு. மல்லாந்து படுத்தா மூச்சு முட்டும். ரெண்டு தலையணை அடுக்கி வெச்சு, சாஞ்ச மாதிரி உறங்குவார்."

டீ வந்தது. அக்கா அதைத் தொடவில்லை.

"செத்தப்போ ஆபீஸ்காரங்க எல்லாரும் போனோம். வரிசையிலே நின்னேன், உன்னைப்போல. தலைக்கு ஒண்ணும் வெக்காம மல்லாத்திப் போட்டிருந்தாங்க. ஒரு தலையணை வைங்கோன்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. நான் ஆரு சொல்றதுக்கு?"

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் பிடிக்கவிட்டாள்.

"அவர் வந்ததையும் போனதையும் இந்த ஊருலே ஒருத்தரும் கண்டில்லை. அவ்வளவு சாமர்த்தியமா இருந்தோம். அப்போ அது பெரிய காரியம்னு தோணிச்சு. பின்னே மனசிலாச்சு. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆளாவது கண்டிருக்கலாம்." டம்ளரை எடுத்தாள். "குடி. பஸ் போயிடும்."

அதன்பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

விசா வந்தது. எதனால் வந்தது என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். எனக்குத் தெரியும். விமான நிலையத்துக்குக் கார் வந்தபோது அக்கா கேட்டருகே நின்று, "அவளை வண்டி ஓட்டவிடாதே, சரிவு இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். மெல்பர்னில் நாங்கள் இருக்கும் இடம் தட்டையாக, கேரம் போர்டு மாதிரி இருக்கிறது. அதைச் சொன்னாலும் நம்பமாட்டாள். வாரத்துக்கு ஒரு முறையாவது போன் செய்வோம். எடுத்ததும் முதல் கேள்வி, "அங்கே தண்ணி வருதா?" என்பதுதான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, "வருதுக்கா!" என்று கத்துவோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஒரு நாள் வந்து, ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

போன மழைக்காலத்தில் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். உறக்கத்திலேயே முடிந்துவிட்டது. என்னால் உடனே கிளம்பிப் போக முடியவில்லை. பெங்களூரிலிருந்து வந்து காரியமெல்லாம் செய்த அவள் அண்ணன் மகன், வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். நல்ல பையன். அத்தையின் போனில் கடைசியாகப் பேசியவை எல்லாம் என் நம்பரோடுதானாம்.

"பாவம் அத்தை. கல்யாணமும் பண்ணிக்காம, ஒருத்தரும் இல்லாம, தனியாவே வாழ்ந்துட்டுப் போயிட்டாங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். அவங்க கட்டில்ல சுவரோரமா ரெண்டு தலையணை அடுக்கி இருந்துது. வேலைக்காரம்மாவைக் கேட்டா, அதை வாராவாரம் உறை மாத்தணும்னு சொல்வாங்களாம், ஆனா அத்தை தலையணையே வெச்சுக்கமாட்டாங்களாம். நீங்க அங்கேயே இருந்தவங்க. யாராவது வருவாங்களா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

ஷைனி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் கண்டில்லையே" என்றேன்.

அக்காவுக்கு நான் கொடுக்கக்கூடிய மரியாதை அது ஒன்றுதான். ஆனால் போனை வைத்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் அவள் பெயரை எழுதவில்லை, அவர் பெயரை எனக்குத் தெரியவும் தெரியாது. நோட்டரியும் இல்லை, முத்திரையும் இல்லை. அவள் சொல்லிக்கொடுத்த மாதிரி, பிறர் சொன்னதைச் சொல்லாமல், கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். கழக்கூட்டத்தில், ஒரு வீட்டில், ஒருத்தி கட்டிலின் விளிம்பில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டு, சுவரோரம் முழுவதையும் ஒருவருக்காக விட்டு வைத்திருந்தாள். அங்கே மூச்சு முட்டாமல் சாய்ந்து உறங்கும் உயரத்துக்கு இரண்டு தலையணைகள் இருந்தன. உறைகள் புதிதாகத் துவைத்தவை. காய்ச்சலிலும் அவள் அதைக் கலையவிடவில்லை.

அக்கா, நான் கண்டேன்.